மஞ்சள் விளக்கு

கல்லூரி ஆசிரியர்கள் இருவர் பங்கு போட்டுக்கொண்டு பழைய விளையாட்டு ரகக் கார் ஒன்றை வாங்குவது ஊரார் நகைப்புக்கு உரியதுதான். எங்களுள் ஒருவர் தமிழ்த்துறை, மற்றவர் இயற்பியல்துறை. பக்கத்துப் பக்கத்து வீடு. கோவையில் வாழ்வோருக்கு இந்தப் பித்து புதிதன்று. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் மறைந்த அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயத் திடல் இயங்கிவருகிறது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் களத்தில் முதல் இந்தியராக இறங்கிய 2005ஆம் ஆண்டில்தான் எங்கள் காரும் பதிவு செய்யப்பட்டது. ஐரோப்பியக் குழுமம் ஒன்றின் தயாரிப்பு, 1.8 லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டருக்கு இருபது வால்வு, 150 குதிரைத்திறன். பெயர் வேண்டாம், அறிந்தோர் அறிவர்.

2021இல் வாங்கும்போதே விளக்குகளைச் சோதித்துத்தான் வாங்கினோம். சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு நலத்தின் அறிகுறி அன்று. யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மறக்காமல் பாருங்கள்.

2025 பிப்ரவரியில் ஒரு மாலை, வாளையாற்றைத் தாண்டித் திரும்பி வரும் வழியில் ‘இ.பி.சி.’ என்ற மூன்றெழுத்து மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. மிதியை அழுத்தினாலும் வண்டி முனகிற்றே தவிர விரையவில்லை. ஓரங்கட்டி அணைத்து மீண்டும் கிளப்பினோம். ஒன்றுமே நடவாததுபோல் ஓடிற்று. மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்தது. மார்ச்சில் பதிவுச் சான்று புதுப்பிப்பு. பதினைந்து ஆண்டு கடந்த காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தேறாவிட்டால் அடுத்த இடம் பழைய இரும்புக் கடைதான்.

நகரின் பணிமனை ஒன்றில் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, திராட்டில் பாடியை மாற்ற வேண்டும், அறுபத்தெட்டாயிரம் ஆகும் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “இந்த லைட் வந்தா அதாங்க சார்” என்று பதில் வந்தது. தமிழாசிரியர் ஆயிற்றே, இங்கே மருந்து அதிகாரத்துக் குறள் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதை வகுப்பறையோடு வைத்துக்கொள்கிறோம்.

பணிமனையை விட்டு வந்தபின் நாங்களே படிக்கலானோம். விளக்கு எரியும்போது எஞ்சின் கணினி ஒரு குறியீட்டைச் சேமித்துக்கொள்கிறது. அதன் அமைப்பு இலக்கணம் படித்தவனுக்கு இனிக்கக்கூடியது. முதலில் ஓர் எழுத்து: ‘பி’ என்றால் எஞ்சினும் அதன் ஆற்றலைக் கடத்தும் உறுப்புகளும், ‘சி’ என்றால் பிரேக் போன்ற அடிச்சட்டகப் பகுதி, ‘பி’க்கு மாறாக ‘யு’ என்றால் கணினிகளுக்கு இடையிலான பேச்சு. அடுத்த எண் சுழியம் எனில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்று எனில் அந்த நிறுவனத்துக்கே உரிய வழக்கு. பெயர்ச்சொல்லைப் பொதுவென்றும் சிறப்பென்றும் பிரிப்பதுபோல. ஆனால் குறியீடு சொல்வது எந்த இடத்தில் முறையீடு எழுந்தது என்பதை மட்டுமே. குற்றவாளி யார் என்பதை அன்று. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. வெடித்துப்போன ஐம்பது ரூபாய்க் குழாயும் காரணமாகலாம், பெட்ரோல் பம்பும் காரணமாகலாம். பி0420 வந்ததும் விலையுயர்ந்த வினையூக்கி மாற்றியைக் கழற்றி எறிகிறார்கள்; புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் அதே குறியீடு வரும் என்பதைப் பார்ப்பதில்லை.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சிறு கருவி வாங்கி, ஸ்டியரிங்கின் கீழுள்ள பதினாறு முனைச் செருகியில் பொருத்தினோம். விளக்கு எதிரே எரிந்துகொண்டிருக்க, கருவியோ “குறை ஏதும் இல்லை” என்றது! இத்தகைய பொதுக் கருவிகள் புகை மாசு தொடர்பான குறைகளை மட்டுமே படிக்கவல்லவை. இயற்பியல் நண்பர் அந்தக் குழுமத்தின் கார்களுக்கென்றே உள்ள கம்பியையும் மென்பொருளையும் தம் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து இரவல் பெற்று வந்தார். அதில் வந்த குறியீடு 16955. பொதுமொழியில் பி0571. பிரேக் சுவிட்ச், சைகை நம்பத்தக்கதன்று.

எஞ்சின் விளக்குக்கும் பிரேக்குக்கும் என்ன உறவு? இந்தக் காரில் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே இழுகம்பி கிடையாது, எல்லாம் மின்சைகை. ஆகையால் கணினி எதையும் ஒரே சாட்சியை வைத்து நம்புவதில்லை. பிரேக் மிதியின் மேலுள்ள சுவிட்சில் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. மிதித்தால் ஒன்று இணையும், மற்றது பிரியும். இரண்டும் முரண்பட்டால் கணினி ஐயுற்று, விளக்கை ஏற்றி, எஞ்சினின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. மடிக்கணினித் திரையில் இரண்டு இலக்கங்கள் ஒருங்கே மாற வேண்டும். ஒன்று மட்டும் அவ்வப்போது அசையாமல் நின்றது.

அப்போதுதான் நண்பர் எழுந்து காரின் பின்னால் போனார். இணைய வேண்டிய அந்த முனைதான் பின்புறத்துச் சிவப்பு விளக்குகளையும் எரிய வைப்பது. முப்பது முறை பிரேக்கை அழுத்தினோம். நான்கு முறை விளக்கு எரியவில்லை. இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அந்தப் பத்து நாளில் அவருடைய மகள் அதே காரில் இரவுப் பணிக்குப் போய் வந்திருந்தாள், பின்னால் சரக்கு லாரிகள் தொடரும் அவிநாசி சாலையில்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அறுபதைக் கடந்தவர். கணினி அறியார். விவரத்தைச் சொன்னதும், “அது தேஞ்சுதான் போகுமுங்க சார், இருபது வருசமா மிதி வாங்குதல்ல” என்றார். “அண்ணா, இன்னிக்கே மாத்தணும்” என்றோம். தொள்ளாயிரம் ரூபாய் சுவிட்ச். இருக்கைக்கு முன்னால் மல்லாந்து படுத்து, மிதியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி புதியதைச் செருகித் திருகினார். பிறகு மிதியை மெல்ல விட்டார். உள்ளிருக்கும் தண்டு தன் அளவைத் தானே அமைத்துக்கொண்டது. நூறு முறை அழுத்தினோம். நூறு முறையும் எரிந்தது. குறியீட்டை அதன்பிறகே அழித்தோம். முதலிலேயே அழித்துவிட்டு வண்டியை விற்கிறவர்களும் உண்டு.

மார்ச்சில் ஆய்வாளர் வந்து காரைச் சுற்றி நடந்தார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார், தலையசைத்தார், எழுதிக்கொண்டார். மஞ்சள் விளக்கை அவர் கேட்கவேயில்லை.

அன்று மாலை நண்பரின் மகள் சாவி கேட்டாள். “ஒருக்கா பிரேக்கை அழுத்தும்மா” என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் காரின் பின்னால் போய் நின்றோம்.