பிறந்த ஊர் வெயிலும் புது வெயில்தான்

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்ல 65 வயசு தாண்டினவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

கனடாவில் எட்மண்டன் நகரத்தில் இருந்து குடும்பத்தோட தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. அப்போதிருந்து இன்பாக்ஸில் அதிகமா வர்ற கேள்வி: "டாக்டர், நாங்களும் ஊருக்கு வரலாம்னு இருக்கோம். பிள்ளைங்க இந்த வெயிலைத் தாங்குவாங்களா?"

பிள்ளைங்க தாங்கிட்டாங்க. நான் கோட்டை விட்டது வேற இடத்துல. அதைத்தான் எழுதப் போறேன். ஒரு டாக்டரா எழுத வெட்கமாத்தான் இருக்கு. ஆனா எழுதியே ஆகணும்.

முதல்ல எட்மண்டன் எப்படின்னு சொல்லிடுறேன். ஜனவரியில் மைனஸ் 30 வரைக்கும் போகும். டிசம்பர்ல சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிரும். ராத்திரி காரை வெளியே நிறுத்தினா, இன்ஜின் உறையாம இருக்க ஒரு ஒயரை இழுத்து பிளக்ல செருகி வைக்கணும். மறந்தா காலைல வண்டி கிளம்பாது.

எங்க வீட்ல அந்த ஒயர் டிபார்ட்மென்ட் அப்பாவோடது. அம்மா தவறினதுக்கு அப்புறம் எங்களோட வந்தவர். 11 வருஷம் இருந்தார். தினமும் ராத்திரி கையுறையை மாட்டிக்கிட்டு வெளியே போய் ஒயரைச் செருகிட்டு வந்துதான் படுப்பார்.

தூத்துக்குடி உப்பளத்துல முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன். அங்கே குளிர்காலத்துல வாக்கிங் போறதுன்னா ஷாப்பிங் மாலுக்குள்ளதான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

ஒரு டிசம்பர் சாயங்காலம் ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்திருந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எய்யா, சாகுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நல்லா வேர்க்கணும்யா எனக்கு."

நானும் மனைவியும் அன்னைக்கு ராத்திரியே பேசி முடிவு பண்ணிட்டோம். வேற காரணங்களும் இருந்துச்சு. ஆனா முடிவு பண்ண வச்சது அந்த ஒரு வரிதான்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுச் செய்ற பழக்கம். மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 5. ரெண்டு பேருக்கும் டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டாச்சா, கொசுவலை, பருத்தி உடுப்பு, வேர்க்குருவுக்கு என்ன, டெங்கு வந்தா என்ன... ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன்.

அப்பா பேருக்கு நேரா ஒரே ஒரு வரி. "பிறந்த ஊர். பிரச்னை இல்லை."

மே மாசக் கடைசியில் வந்தோம். ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வந்து சேரணும்னு அவசரம். எட்மண்டன்ல கிளம்பின அன்னைக்குக் காலைல 4 டிகிரி. வாகைகுளம் ஏர்போர்ட்ல இறங்கும்போது 38.

மகன் பத்து நிமிஷத்துல அழ ஆரம்பிச்சுட்டான். நெத்தியில இருந்து வழியிறதைத் தொட்டுப் பார்த்துட்டு, "அப்பா, நான் லீக் ஆகுறேன்"னு ஒரே அலறல். அவனுக்கு விவரம் தெரிஞ்சு இந்த மாதிரி வேர்த்ததே இல்ல.

அப்பா சிரிச்சுக்கிட்டே சட்டை மேல் பட்டனைக் கழட்டி விட்டார். "எனக்கு இந்த வெயிலைத் தெரியும். இந்த வெயிலுக்கும் என்னைத் தெரியும்."

இங்கதான் மருத்துவ விஷயம் வருது.

வெயிலைத் தாங்குற சக்தி ரத்தத்துலயே ஊறினதுன்னு நாம நினைக்கிறோம். "நாங்கல்லாம் வெயில்ல வளர்ந்தவங்க"ன்னு பெருமையா சொல்றோம். பெரும்பாலும் அது பழக்கம். உடம்பு ஒன்றிலிருந்து ரெண்டு வாரத்துல அதைக் கத்துக்கும். தொடர்ந்து குளிர்ல இருந்தா சில வாரத்துலயே மறந்தும் போயிடும்.

வெயிலுக்குப் பழகின உடம்பு என்ன செய்யும்? சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும். நிறைய வேர்க்கும். ஆனா அந்த வேர்வையில உப்பு கம்மியா இருக்கும், ஏன்னா உடம்பு உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தத்துல நீர்ப்பகுதி கூடும். அதனால இதயத்துக்குச் சிரமம் குறையும்.

பழகாத உடம்பு இதுக்கு நேர் எதிர். வேர்வையோட உப்பும் தாராளமா வெளியே போகும். வயசானா பழகுறதுக்கு இன்னும் நாளாகும், தாக உணர்வும் மங்கிடும். கடலோர ஊர்ல காத்துல ஈரம் அதிகம்கிறதால வேர்வை லேசுல காயாது. வேர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும். வழிஞ்சு கீழ சொட்டினா உப்பும் தண்ணியும் போனதுதான் மிச்சம்.

ஆக, 11 வருஷம் எட்மண்டன்ல இருந்த அப்பாவோட உடம்புக்குத் தூத்துக்குடி வெயில் புத்தம் புதுசு. அந்த விஷயத்துல அவரும் என் அஞ்சு வயசுப் பையனும் ஒண்ணுதான். பையன் அழுதான், அதனால ஏசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனோம். அப்பா சிரிச்சார், அதனால விட்டுட்டோம்.

மறுநாளே காலை பத்து மணி வெயில்ல பீச் ரோட்டுக்குக் கிளம்பிட்டார். பழைய கூட்டாளிகளைப் பார்க்கணும். ஏசி வேண்டாம்னுட்டார். நான் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னேன்: "அப்பா, தண்ணி மட்டும் நிறைய குடிங்க."

சொன்னதை அப்படியே கேட்கிற நோயாளி அவர். ஒரு லிட்டர் பாட்டிலை தினமும் நாலு தடவை நிரப்பிக் குடிச்சு, காலண்டர்ல கோடு போட்டு வச்சார். கணக்கப்பிள்ளை இல்லையா!

பிபி இருக்கிறதால எங்க வீட்டுச் சமையல்ல ஏற்கனவே உப்பு பாதிதான். ஊறுகாய் கிடையாது, கருவாடு கிடையாது. வெயிலுக்குப் பசியும் குறைஞ்சிருச்சு. சோத்தை ஒதுக்கிட்டுத் தண்ணியிலயே வயித்தை நிரப்பிக்கிட்டார்.

எல்லாத்துக்கும் மேல, பிபிக்கு அவர் சாப்பிட்ட மாத்திரைகள்ல ஒண்ணு இண்டபமைடு. சிறுநீர் வழியா உப்பை வெளியேத்தி பிபியைக் குறைக்கிற ரகம். நல்ல மாத்திரைதான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவங்க சாப்பிடுறாங்க. ஆனா அப்பாவுக்கு அந்த டோஸை முடிவு பண்ணினது எட்மண்டன் குளிர்ல.

குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். வெயில்ல விரியும், பிபி இறங்கும். அங்கே சரியா இருந்த டோஸ் இங்கே ஜாஸ்தியாகலாம்.

ஒரு வாரம் கழிச்சுத் தலை சுத்துதுன்னார். விமானக் களைப்புன்னு சொன்னேன். அப்புறம் தலைவலி. வெயில்ல சுத்தாதீங்கன்னு சொன்னேன். அடுத்து, பேசிக்கிட்டிருக்கும்போதே வார்த்தையைத் தேடினார். 76 வயசாச்சேன்னு நினைச்சேன்.

பன்னிரண்டாவது நாள். ராத்திரி மூணு மணிக்கு ஏதோ சத்தம். எழுந்து போய்ப் பார்த்தா அப்பா பீரோவைத் திறந்து துணியெல்லாம் இழுத்துக் கீழ போட்டுக்கிட்டு இருக்கார். உடம்பெல்லாம் வேர்வை.

"எய்யா, என் கையுறைய எங்க வச்ச? காருக்கு ஒயர் செருகல. காலைல உனக்கு டூட்டி இருக்குல்லா?"

முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்னுருச்சு. அவர் விளையாடல. அந்த நிமிஷம் அவர் எட்மண்டன்ல நின்னுக்கிட்டு இருந்தார்.

பிபி 98/60. தூக்கிக்கிட்டு ஓடினோம்.

அவசர சிகிச்சைப் பிரிவுல ஒரு தம்பி டூட்டியில இருந்தார். என் பாதி வயசுதான் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், தாத்தா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

அந்தக் கேள்வியை நான் ஆயிரம் வீட்டு மனுஷங்ககிட்ட கேட்டிருக்கேன். என் வீட்ல கேட்கல.

ரத்தத்துல சோடியம் 119. சாதாரணமா 135-ல இருந்து 145 வரை இருக்கணும். இந்த அளவுக்கு இறங்கினா குழப்பம் வரும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஒரு பக்கம் வேர்வையும் மாத்திரையும் உப்பை வெளியேத்த, இன்னொரு பக்கம் நான் குடிக்கச் சொன்ன நாலு லிட்டர் வெறும் தண்ணி மிச்சம் இருந்த உப்பையும் கரைச்சு நீர்க்க வச்சிருச்சு.

இதைச் சட்டுனு ஏத்தவும் கூடாது. ஒரு நாளைக்கு 8, 10 புள்ளிக்கு மேல ஏத்தினா மூளை நரம்புகள் பாதிக்கப்படலாம். இண்டபமைடை நிறுத்திட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, அளந்துதான் ஏத்தினாங்க. அந்த ரெண்டு நாளும் வலிப்பு வந்துருமோன்னு கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் என் கை நடுங்குச்சு.

மூணாம் நாள் கண்ணு தெளிஞ்சு பார்த்தார். நர்ஸ் பொண்ணு கிண்டல் பண்ணுச்சு: "உப்பளத்து ஊர்ல இருந்துக்கிட்டு உப்பு குறைஞ்சு வந்து படுத்திருக்கீங்களே தாத்தா!"

அப்பா மெதுவா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உப்பளத்துல வேலை பாக்குறவங்க வெறும் தண்ணிய மட்டும் குடிச்சு நான் பாத்ததில்லய்யா. உப்பு போட்ட நீராகாரம்தான். புது ஆள் வந்தா மொத வாரம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே அனுப்பிருவோம். எனக்கே மறந்து போச்சு பாரு."

வெயிலுக்குப் புதுசா வர்ற தொழிலாளிக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயில்ல வேலை தரணும், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டணும்னு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வழிகாட்டி சொல்லுது. எங்க அப்பாவோட உப்பளம் அதைத்தான் தன் பாஷையில சொல்லியிருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். 2021 ஜூன் கடைசியில் மேற்குக் கனடாவை ஒரு வெப்ப அலை தாக்குச்சு. லிட்டன்ங்கிற சின்ன ஊர்ல 49.6 டிகிரி. எங்களுக்குப் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 619 பேர் இறந்தாங்க. மூணுல ரெண்டு பேர் 70 வயசோ அதுக்கு மேலயோ. கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுக்குள்ள இருந்தவங்க. வெயிலுக்குப் பழகாத வயசான உடம்பு எப்படி விழும்னு எனக்குத் தெரியும். ஆனா அதை "வெள்ளைக்காரங்க பிரச்னை"ன்னு மனசுல ஒதுக்கி வச்சிருந்தேன் போல.

இப்போ உங்களுக்கு. குளிர் தேசத்துல இருந்து ஊருக்குக் குடிவர்றவங்க, கோடை லீவுக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க, காஷ்மீர், இமாச்சல் பக்கம் வேலை பார்த்துட்டுத் திரும்புறவங்க எல்லாருக்கும்:

1. முடிஞ்சா டிசம்பர், ஜனவரியில் வாங்க. வெயில் ஏற ஏற உடம்பும் கூடவே பழகும். ஸ்கூலுக்காக மே மாசம்தான் வரணும்னா, முதல் ரெண்டு வாரம் பகல் 11-ல இருந்து 4 வரை வெளியே போகாதீங்க.

2. கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்திரைச் சீட்டை டாக்டர்கிட்ட காட்டி, "வெயில் ஊருக்குப் போறோம், டோஸ் மாத்தணுமா?"ன்னு கேளுங்க. குறிப்பா பிபி, இதயம், சர்க்கரை, மனநல மாத்திரைகள். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது.

3. வந்த முதல் மாசம் வாரம் ரெண்டு தடவை பிபி பாருங்க. ஒரு வாரம், பத்து நாள்ல சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கணுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

4. "தண்ணி நிறைய குடி"ங்கிறது பாதி அறிவுரைதான். மீதிப் பாதி, நேரத்துக்குச் சாப்பாடு. இதயம், கிட்னி பிரச்னை இருக்கிறவங்க எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்புன்னு டாக்டர்கிட்ட கேட்டே முடிவு பண்ணணும். இதைப் படிச்சுட்டு பிபி உள்ளவங்க ஊறுகாய் பாட்டிலைத் திறந்துடாதீங்க!

5. வயசானவங்களுக்குப் புதுசா தலைசுத்தல், தலைவலி, தடுமாற்றம், பேச்சுல குழப்பம் வந்தா "வயசாச்சு", "பயணக் களைப்பு"ன்னு விடாதீங்க. குழப்பம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. 108 கூப்பிடுங்க.

6. இன்சுலின் போடுறவங்க, பேனாவை ஜன்னல் ஓரத்துலயோ கார்லயோ வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்துல ஈர மணல்ல வச்ச மண்பானை நல்லா உதவும்.

அப்பா இப்போ நல்லா இருக்கார். ஒரே ஒரு பிபி மாத்திரை, குறைஞ்ச டோஸ். காலை ஆறு மணிக்கு வாக்கிங், ஏழரைக்குள்ள வீடு. மத்தியானம் முணுமுணுத்துக்கிட்டே ஏசி ரூம்.

ஜூலை 26 அன்னைக்குப் பனிமய மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் பேரனைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போகணும்னார். தோள்ல வேண்டாம்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். பனிமய மாதான்னா பனியோட அம்மான்னு பேரனுக்கு விளக்கினார். அவன் யோசிச்சுட்டுக் கேட்டான்: "அவங்களும் எட்மண்டன்ல இருந்தா வந்தாங்க தாத்தா?"

நவம்பர்ல மழை பிடிச்ச ஒரு நாள், 26 டிகிரிக்கு என் மக போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு "குளிருதுப்பா"ன்னா. மைனஸ் 30-ல பனியில புரண்டு விளையாடினவ. உடம்பு ஊரைக் கத்துக்கிச்சு.

கத்துக்கிறதுக்குக் கொஞ்சம் நாள் கொடுக்கணும், அவ்வளவுதான். பிள்ளைங்களுக்கு நாம கொடுத்துடுறோம். "இது அவங்க ஊருதானே"ன்னு பெரியவங்களுக்குக் கொடுக்க மறந்துடுறோம்.

அந்தக் கையுறையைப் பத்திக் கேட்பீங்க. அது எட்மண்டன்லயே யாருக்கோ கொடுத்துட்டு வந்தோம். பீரோவுல கடைசி வரைக்கும் தேடினாலும் அவருக்குக் கிடைச்சிருக்காது.

இந்தக் கோடைக்கு ஊருக்கு வர்ற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.