மூணாவது கியர்

நான் பி.காம். கணக்கில் ஒன்பது ரூபாய் உதைத்தால் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடுவேன். டிராக்டரில் 'டடக்' என்று சத்தம் வந்தால் இறங்கி நின்றுகொள்வேன். அவ்வளவுதான் என் மெக்கானிக் ஞானம்.

பாலக்கோடு பக்கத்தில் அப்பாவுக்குத் தக்காளி விவசாயம். எங்கள் டிராக்டருக்கு வயது ஜாஸ்தி. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததே, அதற்கும் முன்னால் வாங்கியது. மாவட்டமே பிரிந்துவிட்டது, எங்கள் கியர் பாக்ஸை மட்டும் யாரும் பிரித்ததில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது, கியர் லிவரை சைக்கிள் டியூபால் சீட்டோடு இழுத்துக் கட்டியிருந்தார் அப்பா.

"என்னப்பா இது?"

"மூணுல போட்டா தானா நியூட்ரலுக்கு வந்துடுது. கட்டினா நிக்குது."

சிரித்தேன். சாயங்காலமே சிரிப்பு நின்றது. டிரெய்லரில் தக்காளிப் பெட்டிகள். ஒரு மட்கார்டில் நான், இன்னொன்றில் என் ஏழு வயசுப் பையன். மார்க்கெட் போகிற வழியில் ஓர் இறக்கம். டியூப் அறுந்தது. லிவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. என்ஜின் பிடி விட்டதும், லோடு பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. அப்பா இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து, வண்டியை ஓரத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார். நாலு பெட்டி தக்காளி ரோட்டில். எனக்குக் கால் நடுங்கியது. பையன் மட்டும், "தாத்தா, இன்னொரு தடவை!" என்றான்.

மறுநாள் வந்த மெக்கானிக் வண்டியைத் தொடாமலே சொல்லிவிட்டார். "கியர் பாக்ஸ் காலி. வண்டியை நடுவுல ரெண்டாப் பிரிக்கணும். நாப்பதாயிரம் ஆவும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எதையாவது விற்கிற முடிவுக்கு வந்தால் அப்படித்தான் போடுவார்.

கடைசி முயற்சியாக ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். ஊருக்கே அவர் 'பாய்'. ஸ்பானரை எடுக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"எல்லா கியரும் ஸ்லிப் ஆவுதா தம்பி, ஒண்ணு மட்டுமா?"

"மூணு மட்டும்தான் பாய்."

"போடறப்ப கர்ர்ர்னு கத்துதா?"

"இல்லை."

"அப்ப கிளட்ச் மேல சந்தேகமில்லை. கிளட்ச் சரியா விடலைன்னா எல்லா கியரும் கத்தும். எப்ப கழலுது?"

"இறக்கத்துல, ஆக்ஸிலேட்டரைக் குறைச்சா."

கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "பல்லு உடைஞ்சிருந்தா இரும்புத் துணுக்கு வரும். தண்ணி இறங்கியிருந்தா ஆயில் பால் மாதிரி இருக்கும். ரெண்டும் இல்லை."

அதற்குப் பிறகுதான் ஸ்பானர். அதுவும் மேல் மூடிக்கு மட்டும். கியர் விழுந்த இடத்தில் கம்பியை அசையாமல் பிடிக்க உள்ளே ஒரு குண்டு, குண்டை அழுத்த ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது.

டிரையல் பேலன்ஸ் உதைத்தால் நாங்கள் எடுத்த எடுப்பில் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால், எங்கேயோ 45-ஐ 54 என்று மாற்றி எழுதியிருக்கலாம். பாய் அதையேதான் செய்தார், பி.காம். படிக்காமல்.

கூலியோடு எண்ணூறு ரூபாய். கிளம்பும்போது அப்பாவிடம் டியூபைக் காட்டினார். "இது இழுத்த இழுப்புல ஃபோர்க் தேய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் கட்டியே ஓட்டியிருந்தீங்கன்னா, அந்த நாப்பதாயிரம் நிஜமாயிருக்கும்."

அடுத்த லோடு அதே இறக்கத்தில் போனது. லிவர் அசையவில்லை. பையனை மட்கார்டில் ஏற்றவில்லை. என் பைக்கில்தான் பின்னாலேயே வந்தான்.

"தாத்தா வண்டி இப்ப ஜாலியாவே இல்லைப்பா" என்று வழியெல்லாம் புலம்பல்.