121 டிகிரியில் சாகாத ஆசாமிகள்

மைக்ரோபயாலஜி படிக்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: 121 டிகிரி, 15 நிமிடம். ஆட்டோகிளேவில் (லேபில் இருக்கும் பெரிய குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்) அவ்வளவு நேரம் வெந்தால் எந்தக் கிருமியும் காலி.

2003-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் காஷெஃபி, லவ்லி இருவரும் பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரை 121 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தார்கள். சாகவில்லை, இரண்டு மடங்காகப் பெருகியிருந்தது! பெயரே 'ஸ்ட்ரெயின் 121'. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அது இரும்பைச் சுவாசிக்கிறது. பயப்படாதீர்கள், நம் உடம்புச் சூடு அதற்குக் கடுங்குளிர். வளராது.

எனக்கு இதைவிடப் பிடித்தது இந்தியப் பெருங்கடல் ஆசாமிதான். கைரெய் என்ற ஊற்றில், சுமார் 2,450 மீட்டர் ஆழத்தில் கிடைத்த மெத்தனோபைரஸ் கண்ட்லரி. குறைந்த அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் வளர மறுத்தது. 2008-ல் ஜப்பானின் கென் டகாய் குழுவினர் கடலடியைப் போலவே, நம் காற்றழுத்தத்தைவிடச் சுமார் 200 மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள். 122 டிகிரியிலும் வளர்ந்தது! நம்மை நசுக்கக்கூடிய அழுத்தம் அதற்குக் கைத்தாங்கல். சூடு மூலக்கூறுகளை உதறிப் பிரிக்கப் பார்க்கும்போது, அழுத்தம் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள்.

உடம்பும் அதற்கேற்றதுதான். நம் செல் சவ்வின் கொழுப்பில் எஸ்டர் பிணைப்பு, இதில் சூட்டுக்கு எளிதில் உடையாத ஈதர் பிணைப்பு. டிஎன்ஏவை முறுக்கி வைக்க ரிவர்ஸ் கைரேஸ் என்று தனி என்சைம் வேறு.

"121-ல் எல்லாமே செத்துவிடுமா?" என்று வைவாவில் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.