நாலு சுவருக்குள்ளே

எங்க ஊர்ப்பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீசு' என்றுதான் சொல்வோம். கோவில்பட்டிப் பக்கம் அப்படியொரு ஆபீசில் அம்மா கட்டை அடுக்கினாள். ஒருநாள் கணக்குப்பிள்ளை அறைக்குள் கூப்பிட்டு, கணக்கு குறையுதுன்னு சாதிப் பேரைச் சொல்லித் திட்டினான். கதவு சாத்தியிருந்தது. "நல்லவேளை, யாரும் பாக்கல"ன்னு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் பார்க்காததுதான் வினை என்று பின்னால் சட்டம் படித்தபோது தெரிந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதி சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த நிபந்தனையை எடுக்கவில்லை.

திருச்சி மாவட்டத்தில் ஒரு வருவாய் ஆய்வாளர். பட்டா விசாரிக்க வந்தவர் தன்னை அலுவலகத்திலேயே சாதி சொல்லித் திட்டியதாக 2021இல் புகார் கொடுத்தார். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. நடந்தது அறையின் நாலு சுவருக்குள். சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்றது. அதிகாரி நாற்காலியில் இருந்தவருக்கே இந்தக் கதி.

கரிசக்காட்டில் ஏசினால் பருத்தி எடுக்கிற நாலு பேர் காதில் விழும். வேலைத்தலத்தில் சுவர் இருக்கு, கதவு இருக்கு. கூப்பிடுகிறவன் கையில் நம்ம கூலி இருக்கு. அங்கே சாட்சி இல்லாமல் போவது தற்செயலா? அது அவன் செய்துவைத்த ஏற்பாடு. அதற்கே சட்டம் அவனைக் காப்பாற்றுகிறது.

அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப, கதவத் தெறந்து வச்சுத் திட்டுங்கய்யான்னு நாமதான் கேக்கணுமாக்கும்?" என்றாள்.