நடந்து காணும் சென்னை

வெளியூர்களிலிருந்து சென்னைக்கு வரும் நம் குடும்பங்கள் மருத்துவத்திற்காகவோ, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகவோ, கலியாணச் சாமான்கள் வாங்குவதற்காகவோ வருகின்றன. வந்த வேலை முடிந்து ஒரு நாள் மிச்சமிருந்தால், கடற்கரை, வண்டலூர் மிருகக்காட்சிசாலை, தியாகராய நகர்க் கடைவீதி என்று அந்த நாள் கழிந்துவிடும். சற்று வசதியுள்ளோர் சுற்றுலாப் பேருந்தில் ஏறிப் பகற்பொழுதிற்குள் பத்து இடங்களைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். மறுநாள் கேட்டால் அவ்விடங்களின் பெயர்கள்கூட வரிசையாக நினைவிற்கு வருவதில்லை.

பூமியில் சுற்றித் திரிந்து, முன்னிருந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று நோக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைப் பணிக்கின்றது. திரிதலும் நோக்குதலும் அங்கே சேர்த்தே சொல்லப்படுகின்றன. திரிதல் மட்டும் போதுமென்றால் பேருந்து போதும். நோக்குவதற்கோ, நம் காலும், நாம் முன்கூட்டிப் படித்து வைத்த சிறிதளவு கல்வியும் வேண்டும். இக்கருத்தினாலேயே, பட்டம் பெறும் நிலையிலுள்ள மாணவர் சிலரை ஆண்டுதோறும் சென்னைக்கு அழைத்து வந்து, வழிகாட்டி எவரும் இன்றி நடந்தே ஊர் காணும் வழக்கத்தை நான் மேற்கொண்டிருக்கின்றேன். அதன் பயனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நாள் திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் மேற்கே நடந்து செல்லும் தொலைவிலேயே வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கின்றது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டப்பட்ட பள்ளி இது என்பர். கர்நாடக நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பியது. இப்பள்ளி எழுந்த ஆண்டை உணர்த்தும் வாசகம் ஒன்று பள்ளியினுள்ளே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எண்ணால் எழுதாமல் எழுத்தால் ஆண்டைச் சொல்வது அக்காலப் பாரசீகப் புலவர்களின் கலை.

அப்ஜத் கணக்கு என்பது நம் வீடுகளுக்குப் புதியதன்று. 786 என்னும் எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலும் கடையின் நெற்றியிலும் எழுதுகின்றோம். அது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய மதிப்புகளைக் கூட்டிய தொகையே. அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3 என்று தொடங்கி, கைனுக்கு 1000 என்று முடியும் கணக்கு அது. பள்ளியிலுள்ள வாசகம், இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருளுடைய மூன்று அரபுச் சொற்களால் ஆனது. நினைவு என்னும் முதற்சொல்லுக்கு 920. இறைவனின் திருப்பெயருக்கு 66. மிகப் பெரிது என்னும் சொல்லுக்கு 223. ஆகத் தொகை 1209. ஹிஜ்ரீ 1209 என்பது கி.பி. 1794-95. ஓர் ஆண்டைக் குறிப்பதோடு, பள்ளிவாசல் எதற்காக எழுந்தது என்பதையும் அம்மூன்று சொற்களே கூறிவிடுகின்றன.

இதை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிரத் என்னும் இந்துப் பெருமகனார். நவாபின் அரசவையில் முன்ஷியாய் இருந்தவர். நான் அழைத்துச் சென்ற மாணவர்களுள் ஒருவர் துண்டுக் காகிதத்தில் எழுத்தெழுத்தாய் எழுதிக் கூட்டினார். 1209 என்று விடை வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. எழுதியவர் யாரென்று நான் சொன்னபோது, "ஹள்ரத், அவருக்கு இவ்வளவு அரபு எப்படித் தெரிந்தது?" என்று வியந்தார். "அக்காலத்தில் கல்விக்கு வேலி இல்லை, தம்பி" என்றேன். அரபும் பாரசீகமும் பயின்ற இந்துக்கள் அன்று அரசவைகளில் பலர் இருந்தனர். இன்றோ, தலைமுறை தலைமுறையாய் அப்பள்ளியில் தொழுது வருவோரிலும் அக்கல்லை வாசிக்க வல்லோர் எத்தனை பேர்?

பள்ளியின் வளாகத்திலேயே பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கின்றார்கள். லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்தில் தோன்றி, பல ஊர்களில் கற்பித்து, நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, 1810இல் இங்கேயே மறைந்தவர்கள். அவர்கள் வந்திறங்கிய அன்று நவாபே பல்லக்கிற்குத் தோள் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. உஸூலுல் ஃபிக்ஹ் துறையில் முஸல்லமுஸ் ஸுபூத்துக்கு அவர்கள் எழுதிய விரிவுரையான ஃபவாத்திஹுர் ரஹமூத்தை ஆலிம்கள் இன்றும் போற்றுகின்றனர். அவர்களின் தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) வகுத்ததே நிஜாமிய்யாப் பாடத்திட்டம். தமிழகத்து மத்ரஸாக்கள் பலவற்றில் நம் பிள்ளைகள் ஓதுவது அதன் வழிவந்த பாடம். நமக்கு ஓதிக்கொடுத்தோருக்கு ஓதிக்கொடுத்தோர் என்று பின்னோக்கிச் சென்றால் எட்டக்கூடிய ஒருவர், பெட்டிக்கடைகளும் ஆட்டோக்களும் நெருக்கும் ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் துயில்கின்றார்கள். 1972இல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் அடக்கத்தலமும் இவ்வளாகத்தில்தான் உள்ளது. அந்நெடுஞ்சாலை இன்று அவர்கள் பெயரையே தாங்கியிருக்கின்றது.

ரமளான் மாதத்தில் வருவோர் இன்னொரு காட்சியையும் காணலாம். 1947இன் பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டுப் பெயர்ந்து வந்த இந்துக் குடும்பங்களைச் சேர்ந்த சூஃபிதார் தொண்டர்கள், நோன்பு திறப்பதற்கான உணவைச் சமைத்துக் கொணர்ந்து, பள்ளியில் அமர்ந்திருக்கும் நோன்பாளிகளுக்குத் தம் கையாலேயே பரிமாறுகின்றார்கள். பல பத்தாண்டுகளாய் நடந்து வரும் தொண்டு இது. மக்கன்லாலின் கல்லைக் கண்டவர்க்கு இக்காட்சியும் அதன் தொடர்ச்சியாகவே தோன்றும்.

பள்ளியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் சேப்பாக்கம் மாளிகை. 1768இல் வாலாஜா நவாபுக்காக எழுந்தது. 1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், கும்பினியார் நவாப் பட்டத்தை ஒழித்தனர். 1859இல் மாளிகை ஏலத்திற்கு வந்து அரசின் உடைமையாயிற்று. அதன் கலஸ் மஹல் 2012 ஜனவரியில் தீக்கிரையாகிப் பின்னர் செப்பனிடப்பட்டது. மாளிகை கட்டிய வாலாஜாவோ திருச்சியில் நத்தர் வலீ (ரஹ்) தர்காவில் அடங்கியிருக்கின்றார். முன்னிருந்தோரின் முடிவை நோக்குங்கள் என்னும் கட்டளைக்கு இதனினும் தெளிவான விளக்கவுரை வேண்டுமோ?

அங்கிருந்து தெற்கே நடந்தால் பார்த்தசாரதி கோயில் வீதிகள். அக்கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஏறத்தாழ 1200 ஆண்டுகள் பழமையுடையது. அருகிலேயே, 1921இல் மறைந்த மகாகவி பாரதி தம் இறுதி நாட்களில் வாழ்ந்த இல்லம் நினைவகமாய் விளங்குகின்றது. நம் கல்லைப் பிறர் வாசிக்கவேண்டும் என்று விரும்பும் நாம், அண்டை வீட்டாரின் கல்லில் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டறிய வேண்டாமா? தமிழ் நமக்கும் தாய்மொழியன்றோ!

இரண்டாம் நாளை ஜார்ஜ் டவுனுக்கு ஒதுக்கலாம். அர்மீனியன் தெருவில் 1772இல் கட்டப்பட்ட அர்மீனியர் தேவாலயம் இருக்கின்றது. உலகின் முதல் அர்மீனிய இதழான அஸ்தரார் 1794இல் வெளிவந்தது இச்சென்னையிலிருந்துதான். அதை வெளியிட்ட பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை அத்தேவாலய முற்றத்தில் உள்ளது. வாலாஜா பள்ளியின் கல்லில் உளி பட்ட அதே காலத்தில் இங்கே அர்மீனிய அச்சு எழுத்துகள் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தன என்று எண்ணும்போது, சிறு தெருக்களுக்குள் எத்தனை மொழிகள் குடியிருந்தன என்பது விளங்கும். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும், சற்றுத் தள்ளி அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூரும் இருக்கின்றன. லுஹர் தொழுகையை அங்கே நிறைவேற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் கிடைத்தால் நகரைவிட்டு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் சென்று பழவேற்காட்டைக் காணுங்கள். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்துவிட்டது, அவர்களின் கல்லறைகள் நிற்கின்றன. அவர்களோடு வணிகம் செய்த மரக்காயர்களின் வழிவந்தோரும், பனையோலையில் பெட்டி முடையும் நம் பெண்மணிகளும் அவ்வூரில் வாழ்கின்றனர்.

செல்வோர்க்குச் சில சொற்கள். விடியற்காலையில் புறப்படுங்கள், வெயில் ஏறியபின் நடப்பது முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் கடினம். ஜும்ஆ நேரத்தில் பெரிய பள்ளியைப் பார்வையிடச் செல்லாதீர்கள், தொழச் செல்லுங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். தாய்மார்களுக்குத் தொழும் இடம் எங்கே என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் முதல் நாளிரவு வீட்டில் ஒருவர் படித்துச் சொல்லட்டும். அந்த ஒருவர் பிள்ளைகளில் ஒருவராய் இருப்பது மிக நன்று.

வாடகைக்கு அமர்த்தும் வழிகாட்டி தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அப்ஜத்தை அவர் அறியார். பஹ்ருல் உலூமின் கிதாபை அவர் ஓதியிருக்கமாட்டார். அவற்றை ஓதியவர்களும் நம்மிடையே அருகி வருகின்றனர். பாரசீகம் கற்பித்த உஸ்தாதுமார்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். வாசிப்போர் இல்லாது போனால், அக்கல்லின் பொருளைப் பிறர் தமக்குத் தோன்றியவாறு சொல்வார்கள். மறுப்பதற்கு நம் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆதலின், அரபு எழுத்துகளை ஓதக் கற்கும் பிள்ளைக்கு அவ்வெழுத்துகளின் எண் மதிப்பையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். பின்னர் அப்பிள்ளையை முதலில் உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியின் பழைய கற்களுக்கு முன்னும், வாய்ப்பு அமையும்போது திருவல்லிக்கேணிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நீங்கள் வாய் திறவாதிருங்கள். பிள்ளையே கூட்டிச் சொல்லட்டும்.