இரண்டாவது தாள்

எங்கள் மகனுக்கு இந்தத் தையோடு 20 வயது முடிந்துவிட்டது. ஓட்டிசம் உள்ளவன், பேச்சு இல்லை. குளிக்க வார்ப்பதும், சாப்பாட்டை அளவாகக் கொடுப்பதும், றோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதும் நாங்கள்தான். இரவில் அவன் எழும்பினால் எங்களில் ஒருவரும் எழும்ப வேண்டும். ஒன்ராறியோவில் இப்படியான பிள்ளைகள் 21 வயதுவரை பள்ளிக்கூடம் போகலாம். அதற்குப் பிறகு அவனுடைய பகல்கள் எப்படிப் போகும் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டின் பெரிய கேள்வி.

அதற்காக நிரப்பிய படிவங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்டன. எதற்கு உதவி வேண்டும்? நாளுக்கு எத்தனை தரம்? எவ்வளவு நேரம்? கேட்பதில் நியாயம் உண்டு. இயலாததைக் காட்டினால்தான் உதவி வரும். அகதிக் கோரிக்கை எழுதியவர்களுக்கு இந்தப் பாஷை புதிதல்ல. அங்கேயும் நாங்கள் பட்டதைத்தான் கேட்டார்கள்; எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படிவத்தை முடித்தபிறகு வெறுந்தாள் ஒன்றை எடுத்து மற்றதையும் எழுதினோம்.

அவனுக்குக் கண்ணால் ஒழுங்கு பிடிபடும். கோயில் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தால், பிரிந்து கிடக்கும் சோடிகளைத் தேடிச் சேர்த்துவிடுவான். கறுப்புச் சப்பாத்துகள் பத்துச் சோடி கிடந்தாலும் பிழை விடமாட்டான். கார் வழமையான சந்தியில் திரும்பாவிட்டால் உடனே கண்ணாடியில் தட்டுவான். இடியப்பத் தட்டுகளை அடுக்கும்போது நெளிந்த தட்டை வேறாக எடுத்து வைப்பான். இவற்றை யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை.

பேச்சால் கேட்டுப் பேச்சால் பதில் வாங்கும் சோதனையில் பேசாத பிள்ளைக்கு முட்டைதான் கிடைக்கும். 2015இல் மொன்றியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேச்சு மிகக் குறைந்த, 6 முதல் 12 வயதுவரையான 30 ஓட்டிசப் பிள்ளைகள். வழமையான வெக்ஸ்லர் சோதனையை ஒருவராலும் முடிக்க இயலவில்லை. கோலத்தில் விடுபட்ட துண்டைப் பொருத்தும் ரேவன் சோதனையைப் பலகையும் துண்டுகளுமாகக் கொடுத்தபோது 26 பேர் முடித்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், கேட்கும் விதத்தை மாற்றினால் பிள்ளைகளிடமிருந்து பதில் வருகிறது.

எங்கள் சனத்திடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, "பாவம், என்ன செய்யிறது." மற்றது, "இப்படியான பிள்ளையளுக்குள்ள பெரிய வித்தை ஒண்டு ஒளிஞ்சிருக்குமாம்." 1988இல் வந்த 'ரெயின் மான்' படத்தைப் பார்த்தவர்கள் கணக்கைப் பற்றிக் கேட்பார்கள், மற்றவர்கள் சங்கீதத்தைப் பற்றி. அவனிடம் அப்படி ஒரு வித்தையும் இல்லை. மேடையில் ஏற்றக்கூடிய பிள்ளைக்குத்தான் மரியாதை என்று பழகிவிட்டோம். சப்பாத்துச் சோடி சேர்ப்பதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

அந்தச் சோடி சேர்ப்பதற்கும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மேளம் தொடங்கினால் காதுமூடி வேண்டும். வேலை முடிந்தது என்று காட்ட ஒரு படம் வேண்டும். அரை மணிக்கு மேல் போனால் தன் கையைக் கடிப்பான். "இவ்வளவும் செய்கிறானே" என்று உதவியைக் குறைத்தால் அந்தத் திறமையும் போய்விடும். உதவி வேண்டியவன் என்பதற்காகத் திறமையைப் பாராமல் விட்டால், நாள் முழுவதும் ரீவிக்கு முன்னால் இருத்திவிடுவார்கள்.

இது வெறும் பயமல்ல. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு பகல் நிலையத்தில், மீசை வைத்த ஆம்பிளைகளுக்கு முன்னால் குழந்தைகள் நிறம் தீட்டும் புத்தகங்கள் கிடந்தன. அங்கே எங்கள் தாளை வாங்கிப் படிவத்துக்கு அடியில் வைத்தார்கள். இன்னொரு நிலையத்தில் ஒரு பெண் அதை நின்றபடியே வாசித்தார். "இவற்றைக் காலையில் செய்ய விருப்பமா, பின்னேரத்திலா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவனுடைய விருப்பத்தைப் பற்றி ஓர் அலுவலர் கேட்ட முதற் கேள்வி அது.

காலையில்தான் என்றோம். அவனுடைய பெயர் அங்கே காத்திருப்போர் வரிசையில் இருக்கிறது.

அந்தத் தாளை இப்போது வருடத்துக்கு இரண்டு தரம் திருத்தி எழுதுகிறோம். எங்களுக்கும் வயது போகிறது. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவர் அவனைக் குளிக்க வார்க்கவும் உடுப்பு மாற்றவும் வருவார். அவன் எதைத் தேடுகிறான், எதில் கெட்டிக்காரன் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அவனால் அதைச் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் எழுதி வைக்கிறோம்.