மெருகுக்கு முன்னே

சகோதரிகளே, 1990 ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் நாம் வெளியேற்றப்பட்டபோது யார்தான் தளபாடங்களைத் தூக்கிவர முடிந்தது? யுத்தம் முடிந்து திரும்பியபோது வீட்டில் கதவு நிலையும் இல்லை. எஞ்சியது, அயல்வீட்டார் பத்திரப்படுத்தி வைத்திருந்த உம்மாவின் பலாப்பலகைப் பெட்டகம் ஒன்றுதான். அதன்மேல் பொருக்குவிட்ட பச்சை எனாமல்.

ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் சாண்ட்பேப்பரோடு உட்கார்ந்தாள். எழுப்பிவிட்டேன். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் அதற்குச் சட்ட வரம்பு வந்ததே 2013-இல்தான். அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது. ஆகவே முற்றத்தில் வைத்து, முகமூடி கட்டி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளால் நானே தேய்த்தேன். வழித்த கசடைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கட்டி எறிந்தேன். உடுப்பையும் தனியாகத் துவைத்தேன்.

பூச்சு முழுவதும் போய்ப் பலகை காய்ந்த பிறகு 120-ஆம் இலக்கத் தாள், பின்பு 240. மரத்தின் ரேகை ஓடும் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறல் இப்போது தெரியாது, வார்னிஷ் பட்டதும் பல்லிளிக்கும்!

பூச்சுப் படாத மூடியின் உட்புறத்தில் உம்மா பென்சிலால் எழுதிய பால் கணக்கு இருந்தது. அங்கே மட்டும் நான் தாள் வைக்கவில்லை.